நிறம் போகும் முன்

2016 ஜனவரி 11. பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு என்று அடுத்தடுத்து ஊர்கள் அமைந்த கரையில் கரிய, பெரிய உடல்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கத் தொடங்கின. அவை குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலங்கள். மறுநாளைக்குள் எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது. மீனவர்கள் படகுகளில் இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றில் சில மறுபடியும் கரைக்கே திரும்பின. தாய்வழிக் கூட்டமாக வாழ்நாள் முழுதும் சேர்ந்தே திரியும் இனம் அது. ஒன்று கரையேறினால் மற்றவையும் அதைத் தொடர்கின்றன. நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன. குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இந்தக் கரைக்கு அது முதல் முறை இல்லை. 1973 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், தூத்துக்குடிப் பகுதியில் இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் அவற்றைப் பார்த்து, அளந்து, எழுதி வைத்தார்கள்.

இரண்டு பொங்கல்களிலும் வந்த விருந்தாளிகள் இன்று மணலுக்கு அடியில். 2016-க்குப் பிறகு பிறந்த, குலசை என்னும் குலசேகரன்பட்டினத்துப் பிள்ளை ஒன்று, “அந்தத் திமிங்கலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் எதைக் காட்டுவது? புகைப்படத்தில் அதன் பருமன் தெரியாது. பக்கத்தில் நின்று, தலையிலிருந்து வால் வரை நடந்து பார்க்க ஓர் உருவம் வேண்டும். அந்த உருவத்தைச் செய்பவர் பாதி கலைஞர், பாதி இயற்கையாளர். அவருடைய வேலையில் எவ்வளவு அறிவியல் அடங்கியிருக்கிறது என்று பார்ப்பதே இந்த அத்தியாயம்.

எலும்பு சொல்லாத உருவம்

எலும்புக்கூடு போதாதா என்று தோன்றலாம். 1851-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் முன் நின்று வாய் பிளக்காத பிள்ளை குறைவு. எலும்பு நீண்ட நாள் கெடாமல் இருக்கும். இனத்தையும் காட்டிக் கொடுக்கும்.

ஆனால் பைலட் திமிங்கலத்தை நம் கண்ணுக்கு அடையாளம் காட்டும் உறுப்புகள் எவை? பானை கவிழ்த்தது போன்ற நெற்றி, முதுகில் முன்தள்ளி நிற்கும் அகன்ற துடுப்பு, கிடைமட்டமாக விரியும் வால். இந்த மூன்றிலும் எலும்பு கிடையாது. நெற்றி முழுவதும் கொழுப்பு. திமிங்கலம் எழுப்பும் ஒலியை ஒரு வில்லை போலக் குவித்து முன்னே அனுப்புவது அதன் வேலை. முதுகுத் துடுப்பும் வால் மடல்களும் இறுகிய நார்த்திசுக்கள். வாலின் நடுவே மட்டும் முதுகெலும்பின் கடைசிக் கணுக்கள் ஓடுகின்றன. இந்த இனத்தை ஒருவரும் உயிரோடு பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்வோம். எலும்புக்கூட்டை மட்டும் கொண்டு உருவம் செய்தால் முதுகுத் துடுப்பும் வராது, வால் மடலும் வராது.

சதை இருக்கும்போதே பார்த்தவர் வேண்டும். பார்ப்பதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. கரையில் கிடக்கும் திமிங்கலத்தைத் தண்ணீர் தாங்குவதில்லை. சொந்த எடையே அதை அமுக்கித் தட்டையாக்கும். வெயிலில் மேல்தோல் கொப்பளித்து உரியும். இரண்டாம் நாள் வயிறு உப்பும். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் சேணம் போட்டாற்போல் இருக்கும் சாம்பல் திட்டும், தொண்டையில் நங்கூர வடிவில் இருக்கும் வெளிறிய குறியும் மங்கி மறையும். மூன்றாம் நாள் வந்து அளப்பவர் வேறொரு மிருகத்தை அளக்கிறார்.

மயில் மீனின் கடைசி நிமிடங்கள்

மீனில் இந்த மாற்றம் இன்னும் வேகமானது. மயில் மீனை உயிரோடு தூண்டிலில் இழுத்தவர்களுக்குத் தெரியும்: படகுக்கு அருகில் வரும்போது அதன் உடலில் நீலமும் ஊதாவும் வரிவரியாக ஒளிரும். தளத்தில் போட்ட சில நிமிடங்களில் அத்தனையும் அணைந்து வெறும் சாம்பல் ஆகிவிடும். ஏலக்கூடத்துக்கு வருவது அந்தச் சாம்பல் மீன்தான்.

மீன் தோலின் நிறம் உயிருள்ள செல்களில் இருக்கிறது. கறுப்பு மெலனின் நிறைந்த செல்கள், மஞ்சளும் சிவப்பும் நிறைந்த செல்கள், நிறமியே இல்லாமல் குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகளை அடுக்கி ஒளியைத் திருப்பும் செல்கள் என்று பல வகை. நரம்பும் சுரப்பும் இட்ட கட்டளைப்படி நிறத்துகள்கள் செல்லுக்குள் விரியும், சுருங்கும். உயிர் போனதும் கட்டளை நின்றுவிடுகிறது.

பிறகு அந்த மீனைச் சாராயக் குப்பியில் போடுகிறோம். மஞ்சளையும் சிவப்பையும் தருபவை கரோட்டினாய்டுகள்; அவை சாராயத்தில் கரைந்துவிடும். ஃபார்மலினில் போட்டால் அதில் மெல்ல உருவாகும் அமிலம் குவானின் தகடுகளைக் கரைத்து வெள்ளி மினுமினுப்பை எடுத்துவிடும். மெலனின் மட்டுமே நிலைக்கும். எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் குப்பியில் இருக்கும் மீன்கள் ஒரே பழுப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். குப்பியில் இருப்பது உண்மையான மீன். முள்ளை எண்ணலாம், செதிலை எண்ணலாம், இப்போதெல்லாம் மரபணுவையும் எடுக்கலாம். அதன் நிறத்தைக் கேட்டால் மட்டும் பொய் சொல்லும்.

ஆகவே மன்னார் வளைகுடாவின் உயிர்களைப் பதிவு செய்ய வந்தவர்கள் கையில் குப்பியோடு பென்சிலும் இருந்தது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலுக்குப் படங்களைத் தாமே வரைந்தார். 1885-இல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்ற எட்கர் தர்ஸ்டன், 1889-இல் தூத்துக்குடி முத்துக்குளிப்பை நேரில் பார்த்தார். முத்து, சங்குக் குளிப்புகளைப் பற்றியும் இந்தக் கடலின் உயிர்களைப் பற்றியும் அவர் எழுதிய குறிப்புகள் மறு ஆண்டே வெளிவந்தன. 1927-இல் அதே அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனி வெளியீடு ஒன்றைக் கொண்டுவந்தது. கடற்கரைக்குப் போய் நின்று பார்ப்பதையே அருங்காட்சியக வேலையின் தொடக்கமாக அவர்கள் கொண்டார்கள்.

உப்பளம் தரும் அச்சு

பார்த்தாயிற்று, வரைந்தாயிற்று. இனி உருவம். மீன் மாதிரிக்கு நேரான வழி, புதிய மீனின் மேலேயே அச்சு எடுப்பது. முதலில் படிகாரத் தண்ணீரில் மீனைக் கழுவ வேண்டும். மேலே இருக்கும் வழுவழுப்பைப் படிகாரம் திரள வைத்து நீக்கிவிடும். அது இருந்தால் செதிலின் கோடு அச்சில் விழாது. துடுப்புகளை விரித்து நிறுத்தி, மீனைப் பாதி அளவு மணலிலோ களிமண்ணிலோ பதித்து, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றுவார்கள்.

இந்த வெள்ளைத் தூள் தூத்துக்குடிக்கு அந்நியமில்லை. உப்பளத்தில் கடல்நீரைக் காய வைக்கும்போது உப்பு முதலில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும் படிந்த பிறகே உப்பு பூக்கும். ஜிப்சத்தை 150 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் அதன் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு வெளியேறும். மிஞ்சுவதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் தண்ணீர் சேர்த்ததும், இழந்ததை அது திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி ஜிப்சம் ஆகிறது. ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கை வைத்துப் பார்த்தால் சுடும். பெரும்பாலான பொருள்கள் இறுகும்போது சுருங்கும். இது இறுகும்போது இம்மியளவு விரிகிறது. அந்த விரிவுதான் அதைச் செதிலின் இடுக்குக்குள்ளும், கண்ணைச் சுற்றிய மடிப்புக்குள்ளும் தள்ளி நுழைய வைக்கிறது. அத்தனை நுணுக்கத்தை அச்சுக்குத் தருவது இந்த ஒரு குணம்.

அச்சிலிருந்து எடுத்த வெள்ளை மீனுக்கு, கடற்கரையில் குறித்துக்கொண்டு வந்த நிறத்தை ஏற்ற வேண்டும். வயிற்றின் வெள்ளிப் பளபளப்புதான் கடினம். அந்தப் பளபளப்பு ஒரு சாயமன்று. படிகத் தகடுகள் ஒளியோடு நடத்தும் விளையாட்டு. இதற்கு விடை தந்தவர், முத்தைப் போலி செய்யப் புறப்பட்ட ஒருவர். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் செபமாலை செய்துவந்த ஜாக்கென், ஒரு சிறு ஆற்று மீனின் செதிலிலிருந்து வழித்த மினுக்கைக் கண்ணாடி மணிகளின் உள்ளே பூசி முத்து போன்ற மணிகளைச் செய்தார். அந்த மினுக்குதான் குவானின்.

அசல் முத்தின் ஒளியும் தகடுகளிலிருந்தே வருகிறது. முத்துச்சிப்பி, அரகோனைட் என்னும் சுண்ணாம்புத் தகடுகளை மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதனால் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் அந்த மென்னிறங்களைத் தருகின்றன. மீனின் வயிறும் முத்தின் முகமும் ஒரே கணக்கில் மின்னுகின்றன. முத்துக்கடற்கரையில் நின்று மீனுக்கு வண்ணம் தீட்டுபவர் இதை நினைத்துக்கொள்ளலாம்.

புளியங்கொட்டையும் காகிதமும்

மீனுக்குப் பிளாஸ்டர் சரி. ஐந்து மீட்டர் திமிங்கலத்தைப் பிளாஸ்டரில் வார்த்தால் தூக்க ஆளில்லை. ஓர் இடியில் உடைந்தும் போகும். பெரிய உருவத்துக்கு எடை குறைந்த கூடு வேண்டும். அங்கே வருகிறது காகிதக்கூழ்.

இறந்த விலங்கின் தோலைக் கொண்டு அதன் உருவத்தை நிறுத்தும் கைவினையை அறிவியலாக மாற்றியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் கார்ல் ஏக்லி. அதுவரை, தோலுக்குள் வைக்கோலைத் திணித்து விலங்கை நிறுத்தினார்கள். அது மூட்டை போல் நின்றது. ஏக்லி, விலங்கின் தசை ஒவ்வொன்றையும் களிமண்ணில் செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சின் உட்புறம் காகிதக்கூழும் கம்பி வலையும் ஒட்டி, உள்ளீடற்ற உடல் ஒன்றை எடுத்தார். 1890-இல் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த நீரெலிக் காட்சி, விலங்கை அதன் சேற்றோடும் செடியோடும் காட்டியது. நம் பக்கத்தில் மைசூரின் வான் இங்கன் குடும்பம், காகிதக்கூழ் உடல்களின் மேல் ஆயிரக்கணக்கான புலி, சிறுத்தைத் தோல்களைப் பொருத்தியது. அந்தப் பட்டறை 1999-இல் மூடப்பட்டது. அங்கே வந்த தோல்கள் பெரும்பாலும் வேட்டைப் பெருமைக்காகக் கொல்லப்பட்டவற்றுடையவை. கைத்திறனைப் பாராட்டும்போது அதையும் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். இன்று ஓர் உயிரையும் கொல்லாமல் அதே திறனைப் பயன்படுத்தலாம் என்பதே மாதிரியின் பெருமை.

நம் ஊர்க் கைகளுக்குக் காகிதக்கூழ் பழக்கமானது. புதுச்சேரித் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் பெற்றது. பழைய பட்டறைகளில் புளியங்கொட்டைப் பசை பயன்பட்டது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால்தான் கிழிப்பார்கள். கிழித்த ஓரத்தில் நார்கள் சிலிர்த்து நிற்கும். அடுத்த துண்டின் நாரோடு கோத்துக்கொள்ளும். ஒட்டிய இடம் தெரியாது.

ஈரம் காயும்போது உள்ளே நடப்பது இது. காகிதத்தின் நார் செல்லுலோஸ். நனைந்தபோது நாருக்கும் நாருக்கும் நடுவே தண்ணீர் இருக்கிறது. காயக் காயத் தண்ணீர் விலகி நார்கள் நெருங்குகின்றன. ஒன்றின் ஹைட்ரஜன் மற்றதன் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஒரு பிணைப்பு மிக மெலிது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் பலகை. புளியங்கொட்டையில் இருக்கும் மாவுப்பொருளின் மூலக்கூறு செல்லுலோஸைப் போன்றே அமைந்தது. அதனால் அது நாரோடு உறவு கொண்டாடி இடைவெளியை நிரப்புகிறது. வளைந்த கூடாக இருப்பதால், முட்டை ஓட்டைப் போல, மெல்லிதாக இருந்தும் பாரம் தாங்குகிறது. உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த கடற்கரையில் அந்தப் பிணைப்புகளுக்குள் தண்ணீர் மறுபடி நுழையும். எனவே இங்கே மேற்பூச்சு நன்றாக இருக்க வேண்டும், அல்லது கண்ணாடியிழைக்கு மாற வேண்டும்.

கண்ணாடியில் ஒரு கடல்

எலும்பும் இல்லாத, செதிலும் இல்லாத உயிர்களை என்ன செய்வது? சொறிமீனைச் சாராயத்தில் போட்டால் சுருங்கிக் கூழாகும். 1853-இல் லியோபோல்ட் பிளாஷ்கா என்ற பொஹிமியக் கண்ணாடிக் கலைஞர் அமெரிக்காவுக்குக் கப்பலில் போனார். காற்று விழுந்து கப்பல் கடலில் நின்றுவிட்டது. அந்த நாள்களில் இரவுக் கடலில் ஒளிர்ந்து மிதந்த உயிர்களை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து ஆண்டு கழித்து டிரெஸ்டன் அருங்காட்சியகம் கேட்டபோது கடல் சாமந்திகளைக் கண்ணாடியில் செய்து கொடுத்தார். பிறகு மகன் ருடால்ஃபும் சேர்ந்துகொள்ள, சொறிமீன், கணவாய், கடல் நத்தை என்று உலகின் பல அருங்காட்சியகங்களுக்கு அவர்கள் கை கடலை அனுப்பியது. தொடக்கத்தில் நூல்களில் இருந்த படங்களைப் பார்த்துச் செய்தார்கள். பின்னர் வீட்டிலேயே தொட்டி வைத்து, கடல் உயிர்களை வளர்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

அந்த மாதிரிகள் இன்று வேறொரு பயனைத் தருகின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கடலுயிரியலாளர் டுரூ ஹார்வெல், பிளாஷ்காக்களின் கண்ணாடி உயிர்களைக் கையேடாக வைத்துக்கொண்டு, அவற்றின் உயிருள்ள வாரிசுகள் இன்றைய கடலில் எங்கே இருக்கின்றன, எங்கே குறைந்துவிட்டன என்று தேடினார். அதை 2016-இல் நூலாக எழுதினார். அழகுக்காகச் செய்த பொருள், ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய கடலுக்குச் சாட்சி ஆயிற்று.

திருத்திக்கொண்ட திமிங்கலம்

சாட்சி தவறலாம். 1938-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பெர்சி ஸ்டாம்விட்சும் அவர் மகனும் ஒரு நீலத் திமிங்கலத்தைச் செய்து முடித்தார்கள். அந்தக் கூடத்திலேயே மரச்சட்டம் கட்டி, கம்பி வலை போர்த்தி, பிளாஸ்டர் பூசி எழுப்பிய 28 மீட்டர் உருவம். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1969-இல் தன் கூடத்தில் 94 அடி நீலத் திமிங்கலத்தைத் தொங்கவிட்டது. 1925-இல் தென்னமெரிக்காவின் தென்முனை அருகே இறந்து கிடைத்த ஒரு பெண் திமிங்கலத்தின் புகைப்படங்களே அதற்கு ஆதாரம்.

செத்த திமிங்கலத்தைப் பார்த்துச் செய்தவர்கள் அவர்கள். நீந்தும் நீலத் திமிங்கலத்தை நீருக்குள் படம் பிடிக்கும் வாய்ப்பு பின்னர்தான் வந்தது. வந்ததும் தவறுகள் தெரிந்தன. 2003-இல் நியூயார்க் அருங்காட்சியகம் தன் திமிங்கலத்தின் பிதுங்கிய கண்ணைத் தணித்தது. மூச்சுத் துளைகளைத் திருத்தியது. வாலை மெலிய வைத்தது. அதுவரை இல்லாத தொப்புளையும் வைத்தது. பாலூட்டிக்குத் தொப்புள் இருக்கத்தானே வேண்டும்?

இதை அந்தக் கலைஞர்களின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. ஒரு மாதிரி என்பது, “இந்த உயிர் எப்படி இருக்கும்?” என்ற கேள்விக்கு ஒரு தலைமுறை அறிந்த விடை. அது கல்லில் வடித்ததுபோல் எல்லார் முன்னும் நிற்பதால்தான் தவறு கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டதால்தான் திருத்த முடிகிறது. அறிவியல் கொள்கைக்கு நாம் விதிக்கும் இலக்கணமும் இதுதானே.

குலசையின் திமிங்கலம்

இப்போது நம் கரைக்குத் திரும்புவோம். குலசேகரன்பட்டினத்தில் தசரா வரும்போது முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஊர் ஊராகப் புறப்படுவார்கள். காளி, குறவன், குறத்தி, குரங்கு, கரடி என்று எத்தனை வேடம்! நாள் முழுவதும் உடம்பில் தாங்கும்படி எடை குறைவாகவும், தூரத்திலிருந்து பார்த்தாலும் இன்னது என்று தெரியும்படியும் கிரீடத்தையும் கூடுதல் கைகளையும் அமைக்கத் தெரிந்த ஊர்கள் இவை. எந்த அம்சம் ஓர் உருவத்தை உருவமாக்குகிறது என்று இங்கே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கரடி வேடம் கட்டுபவர் முதலில் கரடியின் நடையைப் பிடிக்கிறார்.

இத்திறனோடு அளவு சேர்ந்தால் போதும். திமிங்கலத்தை அளக்க உலகெங்கும் ஒரு முறை இருக்கிறது. மேல் தாடையின் நுனியிலிருந்து வால் மடல்கள் பிரியும் வெட்டு வரை, உடலின் வளைவைத் தொடராமல், நேர்கோட்டில் நாடா பிடிக்க வேண்டும். தாடை நுனியிலிருந்து முதுகுத் துடுப்பு எத்தனை தூரம், கண் எத்தனை தூரம், பக்கத் துடுப்பு எவ்வளவு நீளம் என்று குறிக்க வேண்டும். இந்த இனத்தில் பக்கத் துடுப்பு உடல் நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பெயரில் உள்ள ‘குட்டை’க்குக் காரணம் அதுதான். ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். முதிர்ந்த ஆணின் நெற்றி சதுரமாகப் புடைத்திருக்கும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். சேணத் திட்டின் ஓரம் எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்று அன்றே வரைந்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னே ஒன்று. உயிரோடு ஒதுங்கியதைக் கடலுக்கு அனுப்புவதே முதல் வேலை. இவை சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் உள்ள உயிர்கள். வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் முன்னிலையில்தான் இறந்த உடலையும் தொடலாம்.

இந்தக் கடற்கரை எத்தனையோ காட்சிகளைக் கைவிட்டிருக்கிறது. கடலடிப் பாறைத் திட்டுகளில் மூச்சடக்கி இறங்கிச் சிப்பி எடுத்த முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. முத்துக்குளிப்போரின் காட்சி ஒன்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பசிபிக் பவளத்தீவு ஒன்றின் முத்துக்குளிப்பு. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல் பசு அருகிக்கொண்டே வருகிறது. அதற்காகத் தமிழ்நாடு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. இவற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வயதான மீனவரின் பக்கத்தில் களிமண்ணோடு உட்கார்ந்தால், “ஆவுளியாவின் மூக்கு இவ்வளவு தூக்காது, கொஞ்சம் கீழே மடங்கும்” என்று விரலால் அழுத்திக் காட்டுவார். அந்த விரல் அடையாளம், அளவு நாடா தராத ஒரு தரவு.

அச்சுக்கு வேண்டிய ஜிப்சம் உப்பளத்தில் இருக்கிறது. பசைக்குப் புளியங்கொட்டை இருக்கிறது. வேடம் கட்டிப் பழகிய கை இருக்கிறது. 1973-இல் அளந்து எழுதிய குறிப்பு இருக்கிறது. இவை ஒரு கூரையின் கீழ் சேர்ந்தால் ஐந்து மீட்டர் நீளத்தில் ஒரு கரிய உடல் எழும். முதுகில் சாம்பல் சேணம், தொண்டையில் நங்கூரக் குறி. கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை மூக்கிலிருந்து வால் வரை நடந்து, எத்தனை எட்டு என்று எண்ணிப் பார்க்கும்.